விலாசமே தெரியாமல் விலாசம் எழுதும் கம்பைலர்!

ஜிடிபி என்ற டீபக்கரைத் திறந்து 'ப்ரிண்ட் எண்ணி' என்று தட்டுகிறீர்கள். கண் இமைப்பதற்குள் 7 என்று பதில் வருகிறது. இதில் என்ன பெரிய விஷயம் என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். போகாதீர்கள், கொஞ்சம் நில்லுங்கள்! ஓடிக்கொண்டிருக்கும் அந்த மெஷின் கோடில் 'எண்ணி' என்ற சொல்லுக்கு வேலையே கிடையாது. ப்ராசசருக்குப் பெயர் தெரியாது, இண்ட்டா ஃப்ளோட்டா என்று தெரியாது, நீங்கள் எத்தனையாவது வரியில் எழுதினீர்கள் என்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் முகவரிகளும் பைட்டுகளும்தான். அத்தனை பைட்டுகளுக்கு நடுவே, நீங்கள் கேட்ட எண்ணி இந்த நான்கு பைட்தான் என்று டீபக்கரின் காதில் ஓதியது யார்?

கம்பைலர்! 'மைனஸ் ஜி' என்று ஒரு ஃபிளாக் போட்டுக் கம்பைல் செய்தால், மெஷின் கோடோடு சேர்த்து இந்தக் குறிப்புகளையெல்லாம் அது பக்கம் பக்கமாக எழுதி வைக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்த கதை. மேடைக்குப் பின்னால் போனால்தான் கூத்தே ஆரம்பம். எந்தப் பொருள் எந்த முகவரியில் இருக்கிறது என்று அத்தனை விவரமாக எழுதும் கம்பைலருக்கு, எழுதுகிற நேரத்தில் ஒரு முகவரிகூடத் தெரியாது! மண்டபம் கிடைப்பதற்கு முன்பே கல்யாணப் பத்திரிகையை அச்சுக்கு அனுப்பிவிட்டு, இடம் என்ற வரியை மட்டும் காலியாக விட்டுவைப்பது மாதிரி. அந்தக் காலி இடத்தை யார் யாரெல்லாம் வந்து நிரப்புகிறார்கள் என்று பார்ப்பதற்குத்தான் இந்தப் பின்மேடை விஜயம்.

கூட்டிப்போக ஒரு குட்டி சி ப்ரோக்ராம் போதும். வெளியே 'எண்ணி' என்று ஒரு குளோபல் வேரியபிள், அதன் மதிப்பு 7. அடுத்து 'கூட்டு' என்று ஒரு ஃபங்ஷன். அது 'அ' என்று ஒரு எண்ணை வாங்கி, எண்ணியோடு கூட்டி, 'மொத்தம்' என்ற லோக்கல் வேரியபிளில் போட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. கதை முடிந்தது.

பெயர்களைத் தமிழில் வைத்தது உங்களுக்காக மாற்றி எழுதியதல்ல. நிஜமாகவே இப்படி எழுதலாம். கிளாங் என்ற கம்பைலர் இதை ரொம்ப காலமாக ஏற்றுக்கொள்கிறது. ஜிசிசியும் 2020ல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து யுடிஎஃப்-8 எழுத்துகளில் நேரடியாகப் பெயர் வைக்க விடுகிறது. கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரியும் 'எண்ணி' யூனிகோடில் ஐந்து குறியீடு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. முடிந்தது என்று காட்டும் பூஜ்யத்தையும் சேர்த்தால் 16. டீபக் தகவலின் சரப் பகுதியில் நம் எண்ணி இந்தப் 16 பைட்டாகக் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். அந்தத் தகவல் வடிவமைப்பில் 'இங்குள்ள பெயர்கள் யுடிஎஃப்-8' என்று சொல்வதற்கென்றே 2005 முதல் ஓர் அடையாளமும் உண்டு.

எந்த வடிவமைப்பு? டுவார்ஃப்! 1980களில் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் சிஸ்டம் 5இன் நான்காம் வெளியீட்டுக்காக சி கம்பைலரும் எஸ்டிபி என்ற டீபக்கரும் தயாரானபோது பிரையன் ரஸ்ஸல் வடித்த சரக்கு இது. இயக்கக் கோப்புக்கு எல்ஃப் என்று பெயர். மேலைநாட்டு மாயக் கதைகளில் எல்ஃபுக்குத் துணையாகக் குள்ளன் வருவான் அல்லவா, அதனால் இதற்கு டுவார்ஃப். பெயருக்கு விரிவாக்கம் ஒன்றைப் பிற்பாடு யாரோ ஒட்டவைத்தார்கள். முதலில் வந்தது குறும்புதான். 1992ல் முதல் பதிப்பு ஆவணமானது. இடத்தை ரொம்ப அடைத்ததால் இரண்டாம் பதிப்பில் அடியோடு மாற்றிச் சுருக்கினார்கள். 2005ல் மூன்று, 2010ல் நான்கு, 2017ல் ஐந்து. இன்று லினக்ஸில் ஜிசிசியும் கிளாங்கும் சும்மா மைனஸ் ஜி என்றாலே ஐந்தாம் பதிப்பைத்தான் எழுதுகின்றன. விண்டோஸில் மைக்ரோசாஃப்ட்டின் பிடிபி தனி வம்சம், அங்கே இப்போது போகவில்லை.

சரி, திரையை விலக்கலாம். மைனஸ் ஜியோடு பெரிய எஸ் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால், கம்பைலர் அசெம்ப்ளி எழுதியதோடு நின்றுவிடும். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள், சிரிப்பு வரும். நம் கூட்டு ஃபங்ஷனின் நிஜ வேலை பத்து வரிக்குள் முடிந்துவிடும். அதற்குக் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட வரிகளுக்கு டீபக் தகவல்! ஜிசிசிக்குள் இதை எழுதுவதற்கென்று இருக்கும் 'டுவார்ஃப்2அவுட்' என்ற ஒரே கோப்பு மட்டும் 30,000 வரியைத் தாண்டும். யாருக்குத் தைரியமிருக்கிறதோ அவர்கள் திறந்து பார்க்கட்டும்.

அந்தக் குவியலில் ஒரு மரம் ஒளிந்திருக்கிறது. வேரில் நம் கோப்பு. அதன் கிளைகளாக எண்ணி என்ற வேரியபிள், இண்ட் என்ற அடிப்படை வகை, கூட்டு என்ற ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனுக்குள் அ, மொத்தம். ஒவ்வொன்றும் ஒரு பதிவு. ஒவ்வொரு பதிவிலும் பெயர், எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த வகை என்று கட்டங்கள். கடைசியில் வருகிறது நாம் தேடிவந்த கட்டம்: இருப்பிடம்.

எண்ணியின் இருப்பிடத்தில் மூன்றே சங்கதி. முதலில் 9. 'அடுத்த ஒன்பது பைட்டும் இருப்பிடக் கணக்கு' என்று அர்த்தம். பிறகு 3. 'இதோ ஒரு முழு முகவரி வருகிறது' என்று அர்த்தம். அப்புறம் எட்டு பைட் முகவரி வரவேண்டிய இடத்தில் கம்பைலர் எழுதியிருப்பது என்ன தெரியுமா? 'குவாட் எண்ணி'! எண்ணியின் முகவரி எது என்று கேட்டால், எண்ணி என்கிறது. இதைவிடத் திருட்டு முழி முழிக்க முடியுமா?

ஆனால் அது போதும். இனி அடுத்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அசெம்ப்ளர் இந்தக் கோப்பை வாங்கி .ஓ கோப்பாக மாற்றும்போது அந்த எட்டு பைட்டிலும் பூஜ்யத்தைப் போட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டு எழுதுகிறது: 'இந்த இடத்தில் எண்ணியின் முகவரியைப் பிற்பாடு நிரப்பவும்.' ரீலொகேஷன் என்பது இந்தச் சீட்டுக்குத்தான் பெயர். அடுத்து லிங்கர். எல்லா .ஓ கோப்புகளையும் அடுக்கி, எது எங்கே என்று முடிவு செய்துவிட்டு, சீட்டைப் படித்துப் பூஜ்யங்களை அழித்து 4010 என்று எழுதுகிறது. முகவரிகள் மட்டும் பதினாறடிமானத்தில்; கோப்புக்குள் எட்டிப் பார்த்தால் கீழ்பைட் முன்னால் வருவதால் 10 40 00 00 00 00 00 00 என்று தெரியும். சின்ன ப்ரோக்ராமை 64 பிட் லினக்ஸில் ஜிசிசியால் கட்டினால் முதல் குளோபல் வேரியபிள் அடிக்கடி இந்த 4010லேயே வந்து உட்காரும். பார்த்துப் பார்த்து அந்த எண்மீது ஒரு பாசமே வந்துவிடும்.

நிரப்பியாயிற்று, சுபம்? இல்லை! ப்ரோக்ராம் ஓடும்போது எண்ணி 4010ல் இருக்காது. பாதுகாப்புக்காக இயக்கமுறைமை ஒவ்வொரு தடவையும் ப்ரோக்ராமை வேறு வேறு இடத்தில் ஏற்றுகிறது. ஜிடிபி அந்தக் குலுக்கலை நிறுத்தி வைத்து ஓட்டும். அப்போது வழக்கமாகக் கிடைக்கும் தொடக்க இடம் 555555554000. அத்தோடு 4010 சேர்ந்தால் 555555558010. எண்ணி வசிப்பது அங்கே.

இந்தக் கடைசிக் கூட்டலை, ப்ரோக்ராமை மெமரியில் ஏற்றும் லோடர் செய்துவைத்தால் என்ன? செய்யாது. டீபக் பகுதிகள் எல்லாம் கோப்பில் மட்டும் இருப்பவை. ப்ரோக்ராமை மெமரியில் ஏற்றும்போது அவற்றை யாரும் ஏற்றுவதே இல்லை. டீபக் தகவல் பருத்த கோப்பு டிஸ்க்கை அடைத்தாலும் ஓடும் வேகத்தைக் கெடுக்காமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆக, கூட்டல் டீபக்கரின் தலையில். ப்ரோக்ராமின் நுழைவாயில் நிஜத்தில் எங்கே விழுந்தது என்று கெர்னல் ஒரு குறிப்பு விட்டுவைக்கும். கோப்பில் அந்த நுழைவாயிலுக்கு எழுதியிருக்கும் எண்ணை அதிலிருந்து கழித்தால் எவ்வளவு தள்ளி ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதை ஒவ்வொரு முகவரியோடும் கூட்ட வேண்டியதுதான். ஒரு எண்ணிக்கு எத்தனை கை பாருங்கள்: கம்பைலர் பெயரை எழுத, அசெம்ப்ளர் பூஜ்யம் போட, லிங்கர் 4010 நிரப்ப, டீபக்கர் மிச்சத்தைக் கூட்ட!

கம்பைலரே எல்லாவற்றையும் கணக்கிட்டுத் தொலைத்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: முடியாது. இன்டெல் வகை ப்ராசசரில் ஒரு ஜம்ப் கட்டளை பக்கத்தில் குதித்தால் 2 பைட், தூரத்தில் குதித்தால் 5 அல்லது 6 பைட். எதை எடுப்பது என்பது அசெம்ப்ளரின் முடிவு. அது மாறினால் அதற்குப் பின்னாலுள்ள அத்தனை முகவரியும் நகரும். ஆர்ஐஎஸ்சி-5 குடும்பத்தில் இன்னும் கலாட்டா. சென்னை ஐஐடியில் பிறந்த சக்தி ப்ராசசரும் அந்தக் குடும்பம்தான். அங்கே லிங்கர்கூடக் கடைசி நேரத்தில் கோடைப் பிடித்துச் சுருக்கும். இரண்டு லேபிள்களுக்கு நடுவே எத்தனை பைட் என்பதை அசெம்ப்ளரால்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் 'இதைக் கூட்டு, அதைக் கழி' என்று இரட்டைச் சீட்டாக எழுதி லிங்கரிடம் தள்ளிவிடுகிறார்கள். சாதாரணக் கழித்தல், அதற்கும் அடுத்தவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். லோக்கல் வேரியபிளான மொத்தத்துக்கு லிங்கராலும் முகவரி கொடுக்க முடியாது. ஃபங்ஷனைக் கூப்பிடும்போதுதான் ஸ்டாக்கில் அதற்கு இடம் பிறக்கிறது, திரும்பும்போது போய்விடுகிறது. கூட்டு தன்னைத் தானே நூறு தடவை கூப்பிட்டுக்கொண்டால் ஒரே நேரத்தில் நூறு மொத்தங்கள் இருக்கும். இதற்கு என்ன எழுதுவது?

இரண்டே பைட்! 145, 108.

145 என்றால் 'ஃபங்ஷனின் அடித்தளத்திலிருந்து இத்தனை தள்ளி'. 108 என்பது அந்தத் தூரம். எவ்வளவு? ஏழு பிட்டுக்குள் அடங்கும் சின்ன எண்களில் மைனஸ் வந்தால் 128லிருந்து கழித்து எழுதுவது இங்கே வழக்கம். 128 கழித்தல் 20, ஆக 108. அடித்தளத்துக்கு 20 பைட் கீழே என்று அர்த்தம். பெரிய எண் வந்தால் பைட் பைட்டாக நீளும், சின்ன எண்ணுக்கு ஒரே பைட். எல்ஈபி128 என்ற இந்தச் சிக்கனத்தை டுவார்ஃப் எங்கு பார்த்தாலும் பயன்படுத்துகிறது. கஞ்சத்தனம் என்றே சொல்லலாம்.

அசெம்ப்ளியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புருவம் உயரும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஜிசிசி எழுதும் கோடில் மொத்தம் இருப்பது ஆர்பிபி என்ற ரெஜிஸ்டருக்கு 4 பைட் கீழே. மைனஸ் 4! டீபக் தகவலிலோ மைனஸ் 20. யார் பொய் சொல்கிறார்கள்? யாரும் இல்லை. ஜிசிசி அடித்தளமாக எடுத்துக்கொள்வது ஆர்பிபியை அல்ல, சிஎஃப்ஏ என்ற புள்ளியை. கூப்பிட்டவர் கால் கட்டளையைப் போடுவதற்கு ஒரு கணம் முன்பு ஸ்டாக்கின் நுனி எங்கே இருந்ததோ அதுதான் சிஎஃப்ஏ. கால் போட்டதும் திரும்பிவரவேண்டிய முகவரி 8 பைட்டைத் தின்கிறது. உள்ளே நுழைந்ததும் பழைய ஆர்பிபியைப் பத்திரப்படுத்த இன்னொரு 8. ஆக 16, அதற்கும் கீழே 4, மொத்தம் 20. கணக்கு சரி! கிளாங் ஆர்பிபியையே அடித்தளமாக வைத்துக்கொள்கிறது. அதே வேரியபிள் அங்கே மைனஸ் 4 தூரத்தில் இருந்தால் 145, 124 என்று வரும். படிக்க கிளாங் எழுதுவதுதான் சுலபம். ஆனாலும் என் ஓட்டு ஜிசிசிக்கே. சிஎஃப்ஏ ஃபங்ஷன் முழுக்க நகராத புள்ளி.

புள்ளி நகராது, ஆனால் அதை அடையும் வழி கட்டளைக்குக் கட்டளை மாறும். வாசலில் நிற்கும்போது சிஎஃப்ஏ என்பது ஸ்டாக் நுனியோடு 8. ஆர்பிபியைத் தள்ளியதும் நுனியோடு 16. ஆர்பிபி நிலைபெற்றதும் ஆர்பிபியோடு 16. வெளியேறும் வாசலில் மறுபடியும் நுனியோடு 8. இந்த ஒவ்வொரு மாற்றத்தையும் கம்பைலர் கட்டளைக்குக் கீழேயே சின்னச் சின்ன சிஎஃப்ஐ வரிகளாக எழுதிக்கொண்டே போகிறது. ப்ரோக்ராம் எந்தக் கட்டளையில் செத்து விழுந்தாலும், அந்தக் கணத்தில் அடித்தளம் எங்கே, என்னைக் கூப்பிட்டவர் யார், அவரைக் கூப்பிட்டவர் யார் என்று டீபக்கர் பின்னோக்கி நடந்து போவது இந்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான்.

இங்கே ரெஜிஸ்டர்களுக்கு எண் போட்டிருப்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ப்ராசசரின் மெஷின் கோடில் ஆர்சிஎக்ஸ் 1, ஆர்டிஎக்ஸ் 2. டுவார்ஃபில் ஆர்டிஎக்ஸ் 1, ஆர்சிஎக்ஸ் 2! டீபக்கர் எழுதக் கிளம்பும் இளைஞர்களுக்கு முதல் நாளே வைக்கும் கண்ணி.

அடுத்த அறை, வரி எண் அட்டவணை. எந்த முகவரி எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்று சொல்வது இதன் வேலை. ஒவ்வொரு கட்டளைக்கும் முகவரி, கோப்பு, வரி, பத்தி என்று அப்படியே எழுதினால் அட்டவணை ப்ரோக்ராமைவிடப் பெரிதாகிவிடும். அதனால் அட்டவணையை எழுதாமல், அட்டவணையை உண்டாக்கும் ஒரு ப்ரோக்ராமை எழுதுகிறார்கள்! டீபக்கருக்குள் ஒரு பொம்மைக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதன் ரெஜிஸ்டர்களின் பெயர் முகவரி, கோப்பு, வரி, பத்தி. கோப்பில் இருக்கும் பைட்டுகளை அது ஒவ்வொன்றாக ஓட்ட ஓட்ட, அட்டவணை வரிசை வரிசையாகக் கொட்டும்.

ஒரு பைட்டைப் பிடித்துப் பார்க்கலாம். 75. இதிலிருந்து 13ஐக் கழியுங்கள், 62. அதை 14ஆல் வகுத்தால் ஈவு 4, மீதி 6. ஈவுதான் முகவரி நகரவேண்டிய தூரம்: 4 பைட் முன்னால். மீதியிலிருந்து 5ஐக் கழித்தால் வரி நகரவேண்டிய தூரம்: 1. 'முகவரியை நான்கு கூட்டு, வரியை ஒன்று கூட்டு, அட்டவணையில் ஒரு வரிசை சேர்' என்று மூன்று காரியத்தையும் ஒரே பைட்டில் மடித்துவிட்டார்கள்! 13, 14, 5 என்பவை வேதவாக்கு அல்ல. அட்டவணையின் தலைப்பிலேயே எழுதியிருக்கும், க்னூ அசெம்ப்ளர் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் எண்கள் இவை. இவற்றை வைத்தால் வரி 5 பின்னாலிருந்து 8 முன்னால் வரை ஒரே பைட்டில் நகரலாம். பின்னாலும் ஏன் என்றால், ஃபார் லூப் ஒன்றை எழுதிப் பாருங்கள்: உடல் முடிந்ததும் எண்ணைக் கூட்ட மேல் வரிக்குத்தானே திரும்புகிறோம்.

இதிலும் கம்பைலர் முகவரியைத் தொடவில்லை. அது அசெம்ப்ளியில் 'லாக் 1 5 9' என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடும்; முதல் கோப்பு, ஐந்தாம் வரி, ஒன்பதாம் பத்தி என்று பொருள். அடுத்த கட்டளை எத்தனை பைட் என்று அளந்து 75ஐச் செதுக்குவது அசெம்ப்ளரின் பாடு.

இதுவரை பார்த்தது சமர்த்துப் பிள்ளை. மைனஸ் ஓ2 என்று ஆப்டிமைசேஷனை முடுக்கிவிட்டால் வீடு தலைகீழ்! வேரியபிள்கள் ஸ்டாக்கில் நிலையாகத் தங்குவதில்லை. கொஞ்ச நேரம் ஆர்டிஐயில் இருக்கும் (தகவல் உரிமைச் சட்டம் அல்ல, ரெஜிஸ்டர்), பிறகு ஆர்பிஎக்ஸுக்குத் தாவும், நடுவில் ஸ்டாக்கில் ஒதுங்கும், கடைசியில் காணாமலே போகும். அதனால் இருப்பிடக் கட்டத்தில் ஒரே பதில் போதாது, பட்டியல் வேண்டும். இந்த லேபிளிலிருந்து அந்த லேபிள் வரை 85, அதாவது ஆர்டிஐயில் இருக்கிறது; அங்கிருந்து இன்னொரு லேபிள் வரை 83, அதாவது ஆர்பிஎக்ஸில் இருக்கிறது. அப்புறம் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் நின்று நீங்கள் கேட்டால்தான் ஜிடிபி கையை விரித்து 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்கிறது. உலகம் முழுக்க டெவலப்பர்களின் ரத்தக்கொதிப்பை ஏற்றிய இரண்டு சொற்கள்!

அந்த வெற்றிடத்தைக் குறைக்கக் கம்பைலர் எழுதுபவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் கோபம் வராது. ஆப்டிமைசேஷன் என்பது ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஏராளமான கட்டங்கள். ஒவ்வொன்றும் கோடைக் கலைக்கும், நகர்த்தும், வெட்டும். எல்லாம் முடிந்தபின் மொத்தம் எங்கே போனது என்று தேடினால் கிடைக்காது. 2010ல் வந்த ஜிசிசி 4.5இல் அலெக்சாண்ட்ரே ஒலிவா சேர்த்த ஏற்பாடு இது: ஒவ்வொரு மதிப்பிடலின் பக்கத்திலும் 'இனி மொத்தம் என்றால் இதுதான்' என்று ஒரு குறியை ஆரம்பத்திலேயே நட்டுவிடுவது. கோடு எங்கே போனாலும் குறியும் கூடவே போகும். கிளாங்குக்கு அடித்தளமான எல்எல்விஎம்மிலும் இதே மாதிரி குறிகள் உண்டு. அங்கே ரொம்ப காலம் அவை போலிக் கட்டளைகளாகவே கோடுக்குள் திரிந்துகொண்டிருந்தன. 2024ல் வந்த 19ஆம் பதிப்பில்தான் கட்டளை வரிசையிலிருந்து வெளியே எடுத்துத் தனிப் பதிவுகளாக வைத்தார்கள்.

ஏன் வெளியே எடுக்க வேண்டும்? இந்த உலகத்தின் இரும்புச் சட்டம் ஒன்றுண்டு. மைனஸ் ஜி போட்டாலும் போடாவிட்டாலும் மெஷின் கோடு ஒரு பைட்கூட மாறக் கூடாது! மாறினால், நீங்கள் டீபக் செய்யும் ப்ரோக்ராம் வேறு, ஊருக்கு அனுப்பிய ப்ரோக்ராம் வேறு ஆகிவிடும். போலிக் கட்டளைகள் வரிசையில் நின்றால், 'இங்கே பத்துக் கட்டளைதானே, இன்லைன் செய்துவிடலாம்' என்று எண்ணும் ஆப்டிமைசர் அவற்றையும் தவறுதலாக எண்ணிவிடக்கூடும். ஜிசிசியில் இதைக் காவல் காக்கவே ஒரு ஃபிளாக் இருக்கிறது: கோப்பை டீபக் தகவலோடு ஒரு தடவையும் இல்லாமல் ஒரு தடவையும் கம்பைல் செய்து ஒப்பிடும். வித்தியாசம் வந்தால் கம்பைலரில் கோளாறு.

இதைவிட ஒரு படி மேலே போய், செத்த வேரியபிளை உயிர்ப்பிக்கும் வித்தையும் இருக்கிறது. ஃபார் லூப்பில் 'ஐ' என்று ஒன்று வைத்து அரேயில் நடக்கிறீர்கள். ஆப்டிமைசர் ஐயைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு பாயிண்டரை மட்டும் நான்கு நான்காக நகர்த்துகிறது. ஐ எந்த ரெஜிஸ்டரிலும் இல்லை, எந்த முகவரியிலும் இல்லை. ஆனால் பாயிண்டரிலிருந்து அரேயின் தொடக்கத்தைக் கழித்து நான்கால் வகுத்தால் ஐ கிடைத்துவிடுமே! அந்தக் கணக்கையே கம்பைலர் இருப்பிடக் கட்டத்தில் எழுதலாம். கடைசியில் 159 என்று ஒரு பைட்: 'இது முகவரி அல்ல, விடையே இதுதான்.' எல்எல்விஎம்முக்குள் இப்படி மீட்டெடுக்கும் ஃபங்ஷனின் பெயரே 'சால்வேஜ் டீபக் இன்ஃபோ'. கப்பல் மூழ்கிய பின் சரக்கை மீட்பதற்குச் சொல்லும் சொல்!

கணக்கு எழுத முடிகிறது என்றால் அங்கே ஒரு மொழி இருக்கிறது என்று அர்த்தம். டுவார்ஃபின் இருப்பிட மொழியில் கூட்டல், கழித்தல், மெமரியைப் படிப்பது, நிபந்தனை பார்த்துத் தாவுவது எல்லாமே உண்டு. கை துறுதுறுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? 2011ல் ஜேம்ஸ் ஓக்லியும் செர்கே பிராடஸும், எக்செப்ஷன் கையாள உதவும் டுவார்ஃப் பைட்டுகளை மட்டும் மாற்றி, புதிதாக மெஷின் கோடே சேர்க்காமல் ஒரு ட்ரோஜன் செய்ய முடியும் என்று காட்டினார்கள். குறிப்பு எழுதும் நோட்டுப் புத்தகமே ஆயுதம்! லினக்ஸ் கெர்னல்காரர்களுக்கோ இந்த மொழி தேவைக்கு மிஞ்சிய சிக்கலாகப் பட்டது. ஸ்டாக்கில் பின்னோக்கி நடப்பதற்கு மட்டும் எளிமையான அட்டவணை ஒன்றை ஜோஷ் பாயிம்போஃப் எழுத, 2017ல் 4.14 கெர்னலோடு அது வந்தது. பெயர் ஆர்க். எல்ஃப், டுவார்ஃப், இப்போது அரக்கனும் வந்தாயிற்று!

போகிற போக்கில் கடைசியாக ஒரு மூலையைக் காட்டிவிடுகிறேன். ப்ரோக்ராம் விழுந்ததும் பேக்ட்ரேஸ் கேட்கிறோம். யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று வரி எண்ணோடு வருகிறது. ஸ்டாக்கில் கிடக்கும் முகவரியை வரி அட்டவணையில் தேடினால் போதும் என்று நினைப்போம். ஆனால் அங்கே கிடப்பது கூப்பிட்ட கட்டளையின் முகவரி அல்ல, திரும்பி வரவேண்டிய இடம். அதாவது அடுத்த கட்டளை. அது அடுத்த வரியைச் சேர்ந்ததாக இருக்கலாம். இன்னும் மோசம், ஒரு ஃபங்ஷனின் கடைசிக் காரியம் அபார்ட்டைக் கூப்பிடுவது என்றால், அங்கிருந்து யாரும் திரும்ப மாட்டார்கள் என்று தெரிந்த கம்பைலர் அதற்குப் பிறகு எதையுமே எழுதாது. திரும்பும் முகவரி பக்கத்து ஃபங்ஷனின் வாசலில் போய் விழும். ஒரு பாவமும் அறியாத பக்கத்து ஃபங்ஷன்மீது பழி!

அதனால் டீபக்கர்கள் என்ன செய்கின்றன தெரியுமா? முகவரியிலிருந்து 1ஐக் கழித்துவிட்டுத் தேடுகின்றன. அவ்வளவுதான்! ஒன்று கழித்தால் கால் கட்டளையின் கடைசி பைட்டுக்குள் காலை வைத்தாயிற்று, சரியான வரி கிடைத்துவிடும். ஆனால் கால் கட்டளை போடாமல் சிக்னல் வந்து பாதியில் இடைமறித்த இடமாக இருந்தால் கழிக்கக் கூடாது. அங்கே முகவரி உள்ளபடியே சரி. எது எந்த வகை என்று எப்படித் தெரியும்? சிக்னலிலிருந்து திரும்பும் கோடுக்கான சிஎஃப்ஐ குறிப்பின் தலையில் 'எஸ்' என்று ஒரே ஒரு எழுத்து கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் டீபக்கர் அந்த 1ஐக் கழிப்பதில்லை.